உங்களுக்குத் தெரியுமா? கழுவினால் ஓசி, கொடுத்தால் குற்றம்!

அமெரிக்காவில் பீர் கம்பெனி ஆள் ஒருவர் பாருக்குள் போய், பீப்பாயிலிருந்து பீர் ஏறிவரும் குழாய்களை இலவசமாகவே கழுவிக் கொடுக்கலாம். மத்திய விதி அதை அனுமதிக்கிறது. ஆனால் அதே குழாய்க்கு ஒரு வாஷரைச் சும்மா கொடுத்தால், கடைக்காரரை வளைத்துப்போடும் வேலையாக அது கணக்கில் வந்துவிடலாம்.

காரணம் பழையது. மதுவிலக்குக்கு முன்பு அங்கே பல சலூன்கள் (முடிவெட்டும் சலூன் அல்ல, மதுக்கடை!) பீர் ஆலைகளின் பிடியில் இருந்தன. மேஜை, கண்ணாடி டம்ளர், கடன் எல்லாம் ஆலை கொடுக்கும்; பதிலுக்கு வேறு கம்பெனிச் சரக்கு உள்ளே நுழையாது. 1933-இல் மதுவிலக்கு முடிந்தது. 1935-இல் வந்த மத்தியச் சட்டம் இந்தப் பிடிக்குக் கடிவாளம் போட்டது.

அதன்படி டம்ளர், குழாய் முனை, கேஸ் அளவி, ஐஸ் எதுவானாலும் அடக்கவிலைக்குக் குறையாமல் விற்க வேண்டும். 30 நாளுக்குள் பணம் வசூலாக வேண்டும். முதன்முதலில் பொருத்தும் செலவும் கடைக்காரர் தலையில்தான்.

கழுவுவதற்கு மட்டும் ஏன் சலுகை? குழாயின் உட்சுவரில் ஈஸ்ட்டும் கால்சியம் ஆக்சலேட் படிவமும் ஒட்டிக்கொள்ளும். அந்தப் படிவத்துக்குப் ‘பீர்க்கல்’ என்றே பெயர். விட்டுவைத்தால் பீர் புளிக்கும், வெண்ணெய் வாடை அடிக்கும். குடிப்பவர் திட்டுவது கடைக்காரரை அல்ல, கம்பெனியை! அதனால் இரண்டு வாரத்துக்கொரு முறை கழுவச் சொல்கிறார்கள் தொழில்காரர்கள். மாநிலங்களுக்குத் தனி விதிகளும் உண்டு. சில இடங்களில் கெடுபிடி இன்னும் அதிகம்.