“அக்கா, எனக்கு ஏன் பால் வரல?”

இரவு நிகழ்ச்சி முடிந்து ஹெட்போனைக் கழற்றும்போதுதான் அந்தக் குரல் பதிவைக் கேட்டேன். தஞ்சோங் காராங் பக்கம் இருந்து ஒரு நேயர். பிள்ளை பிறந்து மூன்று நாள். “அக்கா, எனக்கு ஏன் பால் வரல? உடம்பு பெருசா இருக்கு, சாப்பிட்டதெல்லாம் கொழுப்பா போச்சு, பாலா மாறலன்னு மாமியார் சொல்றாங்க. நெசமா?” பின்னால் பிள்ளை அழும் சத்தம்.

பாட்டுக் கேட்பார்கள், பிறந்தநாள் வாழ்த்துக் கேட்பார்கள். இப்படி ஒரு கேள்விக்கு அறிவிப்பாளர் என்ன பதில் சொல்வது? “மிஸ்ஸியைப் பாருங்கம்மா” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். தூக்கம் வரவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் எனக்கும் இதே கதைதான்.

முதலில் மாமியாரின் பேச்சை எடுத்துக்கொள்வோம். சாப்பாடு கொழுப்பாகப் போய்விட்டதால் பால் இல்லை என்பது தவறு. ஆனால் கர்ப்பத்துக்கு முன் இருந்த உடல் எடைக்கும் பால் சுரப்புக்கும் தொடர்பே இல்லை என்று சொன்னால் அதுவும் தவறு.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கேத்லீன் ராஸ்முசென் என்ற ஊட்டச்சத்து ஆய்வாளர் பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்தார். கர்ப்பத்துக்கு முன்பே எடை கூடியிருந்த தாய்மாரில் பலர் தாய்ப்பாலைத் தொடங்கத் தடுமாறுகிறார்கள், சீக்கிரம் நிறுத்தியும் விடுகிறார்கள் என்று 1997இல் அவரும் சக ஆய்வாளர்களும் எழுதினார்கள். 2004இல் அடுத்த படி. பிரசவமாகி 48 மணி நேரத்திலும் ஏழாம் நாளிலும், பிள்ளை பால் குடிக்கும்போது தாயின் இரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். பிள்ளை சப்பினால் புரோலாக்டின் என்ற பால் சுரப்பு ஹார்மோன் ஏற வேண்டும். எடை கூடிய தாய்மாருக்கு அது குறைவாகத்தான் ஏறியது. பிள்ளை கேட்கிறது, உடம்பு மெதுவாக ‘ம்ம்’ என்கிறது, அவ்வளவுதான். இன்சுலின் சரியாக வேலை செய்யாததற்கும் இதில் பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எடை கூடினால் கர்ப்பகால இனிப்புநீரும் ஆபரேஷன் பிரசவமும் அதிகமாகின்றன. அவையும் பாலைத் தள்ளிப்போடக்கூடியவை.

ஒன்றைக் கவனியுங்கள். இது பெரும்பாலும் தாமதம். பாலே இல்லை என்று அர்த்தமில்லை. கலிபோர்னியாவில் முதல் பிள்ளை பெற்ற தாய்மாரிடம் நடந்த ஓர் ஆய்வு 2010இல் வெளிவந்தது. அவர்களில் 44 விழுக்காட்டினருக்கு மார்பு கனத்துப் பால் நிறைய 72 மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஏறக்குறைய பாதிப் பேர்! எடை கூடியவர்களிடம் இது இன்னும் அதிகம். அந்த மூன்று நாளும் வருவது சீம்பால், சொட்டுச் சொட்டாக. முதல் நாளில் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 2 முதல் 10 மில்லிதான் தேவை. நாம் புட்டிப் பாலின் அளவை மனத்தில் வைத்துக்கொண்டு “ஒண்ணுமே வரலையே” என்று பதறுகிறோம்.

அப்படித்தான் பதறினேன் நானும். ஆபரேஷன் பிரசவம். முதல் இரவே பிள்ளைக்குப் புட்டி கொடுத்துவிட்டார்கள், என்னைக் கேட்கக்கூட இல்லை. மறுநாள் மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பார்க்க வந்த ஒரு பெரியம்மா “இவ்ளோ பெரிய உடம்பு, பிள்ளைக்குக் குடுக்க ஒண்ணுமில்ல” என்று சிரித்தார். வேடிக்கையாகச் சொன்னதுதான். இன்றும் காதில் நிற்கிறது. மார்பின் பருமன் கொழுப்பால் வருவது, பால் சுரப்பது சுரப்பித் திசு என்று அன்று யாராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

போன ஞாயிறு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் கேட்டேன். புக்கிட் ரோத்தான் பக்கத் தோட்டத்தில் பாட்டி பால் மரம் வெட்டியவர். பிள்ளையை ஆயாக்கொட்டாயில் போட்டுவிட்டு, வெட்டுக்கு நடுவே ஓடி வந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்ப ஓடுவாராம். “அப்ப எங்கேடி குண்டு? எலும்புதான் இருந்துச்சு” என்றார் அம்மா. மெலிந்த தாய்க்குப் பால் வராது என்பதும் கட்டுக்கதைதான். கடும் பட்டினியைத் தவிர, உடம்பு தன்னை உருக்கியாவது பால் கொடுத்துவிடும்.

அந்தக் காலத்தில் எல்லாம் பொன்னாக இருந்ததென்று சொல்ல வரவில்லை. மலாயாவில் பணியாற்றிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் பேசினார். டின்னில் வரும் இனிப்புக் கட்டிப் பாலைக் கைக்குழந்தைக்கு ஏற்றதென்று விற்றதைத்தான் கொலை என்றார். அன்றைய தாய்மாருக்கு டின் பால் எதிரி. இன்று தோட்டம் செம்பனையாகிவிட்டது, பிள்ளைகள் ஷா ஆலாமில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். தே தாரிக், ரொட்டி சானாய், இரவு பதினொரு மணிக்கு மாமாக் கடை. தேசிய சுகாதார ஆய்வின்படி எடை கூடிய அல்லது பருமனான பெரியவர்கள் 2019இல் 50.1 விழுக்காடு, 2023இல் 54.4 விழுக்காடு. மூன்று பெரிய இனங்களில் நாம்தான் முன்னால். இதில் முதலிடம் வேண்டாமே!

ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23ஐத் தாண்டினாலே கவனம் தேவை. 155 செண்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு அது ஏறக்குறைய 55 கிலோ. 66 கிலோவைத் தாண்டினால் 27.5. கல்யாணமாகிப் பிள்ளைக்குத் திட்டமிடும்போதே அரசாங்க சுகாதார கிளினிக்குகளில் கர்ப்பத்துக்கு முந்திய பரிசோதனை உண்டு. எடை குறைக்க அதுதான் நேரம். கர்ப்பமான பிறகு பட்டினி கிடப்பது கூடாது. அப்போது அளவாக ஏற வேண்டும். 2009இல் வந்த அமெரிக்க வழிகாட்டி, பருமனான தாய்க்கு 5 முதல் 9 கிலோ என்கிறது. பிங்க் புத்தகத்தில் எடை எழுதும்போது வெட்கப்படாமல் மிஸ்ஸியிடம் பால் பற்றியும் கேளுங்கள். ‘ஆயர் குலா’ குடிக்கச் சொன்னால் தட்டிக்கழிக்காதீர்கள்.

பிள்ளை பிறந்ததும் முதல் மணி நேரத்தில் உடம்போடு உடம்பாக நெஞ்சில் படுக்க வையுங்கள். ஆபரேஷன் என்றாலும் கேளுங்கள். கேட்கும் வேலையைக் கணவர் செய்யலாம். பிள்ளையைப் பிரித்து வைத்தால் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை கையால் பீய்ச்சுங்கள். ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் கொடுக்க வேண்டும். மார்பு பெரிதாக இருந்து மடியில் வைக்கச் சிரமமானால், பிள்ளையின் உடம்பைக் கையிடுக்கில் வைத்து, கால் உங்கள் முதுகுப் பக்கம் போகும்படி பிடியுங்கள். எனக்கு நான்காம் நாள் ஒரு கிளினிக் மிஸ்ஸி காட்டிக்கொடுத்தது இதுதான். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு ஈர நேப்பியாவது இருக்க வேண்டும். அது குறைந்தாலும், பிள்ளை எழுப்ப எழுப்பத் தூங்கிக்கொண்டே இருந்தாலும், மஞ்சள் கூடினாலும் உடனே கிளினிக். மருத்துவர் கொஞ்ச நாளைக்குப் பால் மாவு கொடுக்கச் சொன்னால் கொடுங்கள், அது பாவமில்லை. கூடவே மார்பிலும் வையுங்கள், பீய்ச்சுவதையும் விடாதீர்கள்.

பத்தியம்? தண்ணீர் குடித்தால் வயிறு தொங்கும் என்று தடுப்பதை மட்டும் கேட்காதீர்கள், தாகத்துக்குக் குடியுங்கள். சுறாப் புட்டில் புரதம் உண்டு. ஆனால் சுறா பாதரசம் கூடிய மீன், அடிக்கடி வேண்டாம். நம் ஊர் மீன் சந்தையில் கெம்போங் மீனுக்கா பஞ்சம்?

ஞாயிறு மாலையே அந்த நேயருக்கு இதையெல்லாம் குரல் பதிவாக அனுப்பினேன். அப்போது பிள்ளைக்கு ஆறு நாள். புதன்கிழமை பதில் வந்தது. பால் இறங்கியிருக்கிறதாம், இன்னும் ஒரு வேளை புட்டியும் போகிறதாம். “மாமியார் இப்ப முருங்கைக்கீரை தேடிப் போயிருக்காங்க அக்கா” என்றாள். பின்னால் சத்தமே இல்லை. பிள்ளை தூங்குகிறதா என்று கேட்டேன். “குடிக்கிறா அக்கா” என்றாள்.