புழக்கடையிலிருந்து பாருங்கள்

காஞ்சிபுரத்தில் பழைய வீடு ஒன்று விலைக்கு வந்தால், தரகர் முதலில் காட்டுவது திண்ணையையும் தேக்குத் தூணையும்தான். பார்க்கிறவருக்கு மனசு அங்கேயே பாதி இறங்கிவிடும். ஆனால் அவர் சொல்லும் விலையில் பெரும்பங்கு அந்தத் தூணுக்கு இல்லை. வீட்டுக்குப் பின்னால் கிணறும் முருங்கையுமாகக் கிடக்கும் இடத்துக்குத்தான் அந்த விலை. அந்த இடத்தில்தான் சிக்கல்களும் இருக்கும். அதனால் இந்த ஊரில் பழைய வீடு வாங்குகிறவர்கள் புழக்கடையிலிருந்து தொடங்கி வாசலுக்கு வருவது நல்லது.

பிள்ளையார்பாளையத்திலும் சின்ன காஞ்சிபுரத்திலும் உள்ள பழைய மனைகள் பெரும்பாலும் முகப்பில் குறுகி, உள்ளே நீண்டு போகும். 15 அடி முகப்பும் 160 அடி நீளமும் இருந்தால் 2,400 சதுர அடி, அதாவது சரியாக ஒரு கிரவுண்டு. 40 அடிக்கு 60 அடி மனையும் ஒரு கிரவுண்டுதான். காகிதத்தில் இரண்டும் ஒன்று, கட்டும்போது ஒன்றல்ல. அந்தத் தெரு தொடர்கட்டடப் பகுதியாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறதா என்று மாநகராட்சியில் முதலில் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் பக்கவாட்டில் இடம் விட வேண்டிவரும். 15 அடியில் அதை விட்டால் அறை என்று சொல்ல மிஞ்சுவது கொஞ்சம்தான். கிரவுண்டுக் கணக்கில் விலை பேசுகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

இந்த வீடுகள் எப்படி அமைந்தவை என்று தெரியாதவர்கள் முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவுக்கு ஒரு நடை போய் வரலாம். அங்கே காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடு ஒன்று காட்சிக்கு இருக்கிறது. தறிக்காகவே அமைந்த கூடம் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டு வந்தால், நீங்கள் வாங்கப்போகும் வீட்டில் எது பழையது, எது பிற்பாடு ஒட்டவைத்தது என்று கண்டுபிடிக்க முடியும்.

இனி புழக்கடை. அளவு நாடாவைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அகலத்தை வாசலில் மட்டும் அளக்காமல் நடுவிலும் கடைசியிலும் அளக்க வேண்டும். நீண்ட மனைகளில் பின்பக்கம் பக்கத்து வீட்டுக்காரரின் சுவர் இரண்டடி உள்ளே வந்திருப்பது சாதாரணம். 12 ஆண்டுகள் எதிர்ப்பில்லாமல் அப்படியே ஆண்டு அனுபவித்திருந்தால் அவர் அதைத் தமது என்று வழக்காட இடமுண்டு. பத்திரத்தில் நான்கெல்லை என்னவென்று வாசித்து, நகர நில அளவைப் படத்தோடு ஒப்பிட்டு, உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து அளந்துவிடுவது செலவு குறைந்த பாதுகாப்பு.

கிணறு யாருடையது? பொதுக் கிணறாக இருந்தால் பத்திரத்தில் கிணற்றுப் பாத்தியம் என்று ஒரு வரி இருக்கும். பக்கத்து வீட்டுக் கூரைத் தண்ணீர் உங்கள் தோட்டத்தில் விழுகிறதா? பின்கட்டில் இருப்பவர்கள் உங்கள் வீட்டு ஓரமாக நடந்துதான் தெருவுக்கு வருகிறார்களா? வசதியுரிமைச் சட்டம் 1882-ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ளது. 20 ஆண்டுகள் தடையின்றி அனுபவித்த வழியையும் வடிகாலையும் புதிதாக வாங்கியவர் அடைத்துவிட முடியாது. பின்பக்கக் கொட்டகையில் தறி ஓட்டிக்கொண்டு யாராவது குடியிருந்தால், அவர்களிடம் நேரில் பேசுங்கள். “அவங்க காலி பண்ணிடுவாங்க” என்ற பேச்சை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்.

இந்த ஊருக்கே உரிய பெரிய கேள்வி அடுத்து வருகிறது: மண் யாருடையது? கோயில்களும் மடங்களும் அறக்கட்டளைகளும் நிறைந்த ஊர் இது. தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பம் வாழ்ந்த வீட்டின் அடிமனை கோயிலுடையதாக இருக்கலாம். மேலே உள்ள கட்டடம் மட்டும் அவர்களுடையது. விற்பவர் ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை, அவருக்கே அது மறந்துபோயிருக்கலாம். வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் அவர் பெயரில் இருக்கும். அவை இரண்டும் மண்ணுக்கு உரிமைச் சான்று ஆகாது.

பழைய பத்திரத்தைப் பொறுமையாக வாசியுங்கள். ‘அடிமனை நீங்கலாக’, ‘மேல்கட்டடம் மட்டும்’ போன்ற சொற்கள் எங்காவது ஒரு மூலையில் இருக்கும். பழைய காகிதக் கட்டில் சாமி பெயரில் தரைவாடகை கட்டிய ரசீது ஒன்று கிடைத்தாலும் போதும், விஷயம் தெரிந்துவிடும். இந்து சமய அறநிலையச் சட்டம் 1959-இன் 34-ஆம் பிரிவுப்படி, ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் சொத்தை விற்பதும் அடமானம் வைப்பதும் ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடுவதும் செல்லாது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு வந்தபின் அத்தகைய பத்திரத்தைச் சார்பதிவாளரே மறுக்க வேண்டும். அப்படி இருந்தும் பழைய அளவை எண்ணுக்கும் புதிய நகர அளவை எண்ணுக்கும் இடையில் ஏற்படும் குழப்பத்தில் சில பத்திரங்கள் பதிவாகிவிடுகின்றன. பதிவானதாலேயே உரிமை வந்துவிடாது. அளவை எண்ணைக் குறிப்பிட்டு, இந்த இடம் தங்களுடையதா என்று அந்தத் தெருவுக்கு உரிய கோயில் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். அறநிலையத் துறையின் இணையதளத்திலும் கோயில் நிலங்களின் விவரம் வெளியிடப்பட்டிருக்கிறது.

கோயில் மனை என்று தெரிந்தே மேல்கட்டடத்தை மட்டும் வாங்குகிறவர்களும் உண்டு. குறைந்த விலைக்கு, குடியிருப்பதற்காக மட்டும் என்றால் அது ஒரு வழிதான். ஆனால் குத்தகை உரிமை உங்கள் பெயருக்கு மாறத் துறையின் ஒப்புதல் வேண்டும். வாடகை அவ்வப்போது உயரும், வங்கிக் கடன் பொதுவாகக் கிடைக்காது. சொந்த மனைக்கான விலையை இதற்குக் கொடுப்பது வீண்.

மண் சொந்தமாகவே இருந்தாலும் அதில் கட்ட முடியுமா என்பது வேறு கேள்வி. ஊருக்கு மேற்கே கைலாசநாதர் கோயில், ஊருக்குள்ளேயே வைகுந்தப் பெருமாள் கோயில் ஆகியவை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. 2010-இல் திருத்தப்பட்ட தொல்சின்னச் சட்டப்படி, இப்படிப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிதாகக் கட்டத் தடை. வீட்டை இடித்துவிட்டுத் திரும்பக் கட்டவும் முடியாது. 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த கட்டடத்தைப் பழுதுபார்க்க மட்டும் அனுமதி கோரலாம். அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை எந்த வேலைக்கும் முன் அனுமதி வேண்டும். இடித்து மூன்று மாடி கட்டும் எண்ணத்தில் இருப்பவருக்கு 100 மீட்டருக்குள் உள்ள மனை உதவாது. அதே வீடு, ஓட்டைச் சரிசெய்து குடியிருக்க நினைப்பவருக்கு ஏற்றதாக இருக்கலாம், விலையும் அதற்கேற்ப இறங்க வேண்டும்.

குடும்பப் பத்திரங்களைப் பற்றி எல்லா ஊருக்கும் பொதுவான அறிவுரைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள் மட்டுமே தெரியும். வாய்மொழிப் பாகப்பிரிவினை, பதியாத உயில், நிலுவையில் உள்ள வழக்கு எதுவும் அதில் வராது. பெண் பிள்ளைகளின் பங்கைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். தமிழ்நாட்டில் 1989-இலும் நாடு முழுமைக்கும் 2005-இலும் பூர்விகச் சொத்தில் மகள்களுக்குச் சம உரிமை வந்துவிட்டது. 2005-இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பது கட்டாயமில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிவிட்டது. வெளியூரில் கட்டிக்கொடுத்த அக்கா, தங்கை எல்லோரும் கையெழுத்திட வேண்டும், அல்லது பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். மூலப் பத்திரத்தை அசலாகப் பாருங்கள். நகலை மட்டும் காட்டினால் அசல் எங்கோ அடமானத்தில் இருக்கலாம்.

இத்தனையும் சரியாக இருந்தால் வீட்டுக்குள் போகலாம். நெசவு நடந்த வீடா என்று கேளுங்கள். நடந்திருந்தால் கூடத்தில் குழித்தறி இருந்திருக்கும். நெசவாளர் தரையில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு மிதிக்கும் குழி அது. தறியை எடுத்தபின் அதைக் கையில் கிடைத்த இடிசலைப் போட்டு மூடி மேலே டைல்ஸ் ஒட்டியிருந்தால், சில மழைக்காலங்களில் தரை இறங்கும். குதிகாலால் ஊன்றித் தட்டிக்கொண்டே கூடம் முழுக்க நடங்கள். ஓசை மாறும் இடம்தான் குழி. சுவரை ஒட்டி அது இருந்தால் அந்தச் சுவரின் அடிப்பகுதியில் விரிசல் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இந்த வீடுகளின் அடித்தளம் ஆழமில்லாதது. தறிக்கு மேலே ஜக்கார்டு ஏற்றியிருந்தால் அதற்கு உயரம் போதாமல் குறுக்கு விட்டத்தை வெட்டியிருக்கிறார்களா என்று மேலேயும் பார்க்க வேண்டும்.

விட்டத்தின் நடுப்பகுதி பளபளப்பாக இருப்பதை நம்ப வேண்டாம். சுவருக்குள் புதைந்திருக்கும் முனையில்தான் ஈரமும் கரையானும் முதலில் சேரும். ஏணி போட்டு ஏறி, அங்கே ஒரு நீள ஆணியால் அழுத்திப் பாருங்கள். ஆணி மெத்தென்று உள்ளே போனால் அந்த விட்டம் போயிற்று. மெட்ராஸ் டெரஸ் என்றால் தேக்குக் கட்டைகள்மேல் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்த தளம். கட்டை சரியாக இருந்தால் அது இன்னும் பல காலம் நிற்கும். கட்டை உளுத்திருந்தால் தளத்தையே மாற்ற வேண்டும்.

சுவர்கள் சுண்ணாம்பில் எழுந்தவை. அவற்றின்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறி, உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து உதிரும். இடுப்பு உயரத்துக்கு மட்டும் புதிதாக டைல்ஸ் ஒட்டியிருந்தால் காரணம் கேளுங்கள், பெரும்பாலும் அந்த ஈரத்தை மறைக்கத்தான். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் என்றால், அவர்கள் வீட்டு விட்டம் உங்கள் சுவரில் தாங்கி நிற்கலாம். இடிக்க நினைப்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

புழக்கடையில் பட்டு வேகவைத்துச் சாயம் போட்டிருந்தால் கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடம் இதற்கு உதவும். வேகவதி ஆற்றுக்கோ மஞ்சள்நீர்க் கால்வாய்க்கோ அருகில் என்றால் 2015 மழையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று எதிர்வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். விற்பவரைவிட அவர்களுக்குச் சொல்வதில் தயக்கம் இருக்காது. பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறதா, புழக்கடைக் கழிவு எங்கே போகிறது என்பதையும் அவர்களிடமே தெரிந்துகொள்ளலாம்.

விலை பேசும்போது மண்ணுக்கு ஒரு தொகை, கட்டடத்துக்கு ஒரு தொகை என்று பிரித்துக் கேளுங்கள். இடிக்கப்போகிறவர் கட்டடத்துக்குப் பணம் தர வேண்டியதில்லை. குடியிருக்கப்போகிறவர் விட்டமும் கூரையும் சரிசெய்ய ஆகும் செலவைப் பழைய வீட்டு வேலை தெரிந்த கொத்தனாரிடமும் ஆசாரியிடமும் கேட்டு, அதைக் கழித்துக்கொண்டு பேசலாம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்ற செலவு தனி. விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்யுங்கள், தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அது கட்டாயம். கோயில் அலுவலகத்திலிருந்து எழுத்தில் பதில் கைக்கு வரும்வரை, தரகர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.