பொன் அரித்தவர்களும் சோழி வைத்தவரும்

அரிசி களைந்து கல் அரித்தவர்களுக்குத் தெரியும், கனமானதுதான் அடியில் தங்கும். 1802-ல் கோலார் பக்கம் உரிகம் கிராமத்தார் லெப்டினன்ட் ஜான் வாரனுக்குச் செய்து காட்டியதும் அந்த வேலைதான். மண்ணை மாட்டு வண்டியில் கொண்டுவந்து, தண்ணீர் விட்டு அலசி அரித்தார்கள். பொன், மணலைவிட ஏழு மடங்கு அடர்த்தி கொண்டது. மணல் நீரோடு போக, பொன் துகள் நின்றது.

வாரன் 33-ஆம் காலாட்படை அதிகாரி. 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் மைசூர் எல்லையை அளக்க வந்தவர். மண்ணில் பொன் கிடைக்கிறது என்ற பேச்சைக் கேட்டதும் அதையும் அளந்து பார்த்தார். இன்றைய அளவில் 56 கிலோ மண்ணுக்கு 65 மில்லிகிராம், அதாவது அரைக் குன்றிமணி எடை. டன்னுக்கு ஒரு கிராம் சொச்சம்தான்! அது பாறை கரைந்து உதிர்ந்த சிதறல். மூலமான குவார்ட்ஸ் படிவங்கள் கீழே இருந்தன. வாரனின் குறிப்பைப் படித்துத்தான் மைக்கேல் லவெல் என்ற முன்னாள் படைவீரர் 1870-களில் சுரங்க உரிமம் வாங்கினார். பிறகு சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது, 2001-ல் மூடப்பட்டது.

பொன்னை விட்டு நகர்ந்த வாரன் வானத்தை அளக்கப் போனார். சென்னை வானாய்வகத்தைச் சில ஆண்டுகள் கவனித்துக்கொண்டார். 1825-ல் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் அவர் எதிரில் தரையில் சோழிகளை வைத்து, மே 31 இரவு நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கையில் ஏடு இல்லை. அட்டவணைகள் எல்லாம் மனப்பாட வாக்கியங்களாக நாவில் இருந்தன. நிலா பூமியை நெருங்கி விலகும் சுற்று 248 நாளில் கிட்டத்தட்ட சரியாக 9 முறை முடிகிறது. அதனால் நாளுக்கொன்றாக 248 வாக்கியம் போதும்; பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். வாக்கியப் பஞ்சாங்கத்தின் சூட்சுமம் இது.

வாரன் இதையும் ‘கால சங்கலிதா’ என்ற தம் நூலில் எழுதிவைத்தார். கிரகணத்தின் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52.

உரிகத்திலும் புதுச்சேரியிலும் வாரன் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. தெரிந்தவர்களின் எதிரில் உட்கார்ந்து பார்த்தார். பார்த்ததை எண்ணில் எழுதினார்.