புதுக் கார் 'தேசிக்காய்' ஆனால்

புதுக் கார் வாங்கியதும் பிளஷிங் பிள்ளையார் கோவிலுக்குக் கொண்டுபோய், சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்து நசித்துவிட்டு வருவது எம்மவர் வழக்கம். அமெரிக்கர்களோ ஓயாமல் பழுதாகும் புதுக் காரையே 'லெமன்' என்கிறார்கள். அப்படியான கார் வாய்த்தவர்களுக்காக 1982 இல் கனெக்ரிகட் மாநிலம் முதலாவது லெமன் சட்டத்தை இயற்றியது. இன்று எல்லா மாநிலங்களிலும் இது ஏதோவொரு வடிவில் உண்டு. நாம் இங்கே சொல்லப்போவது நியூயோர்க் மாநிலத்துச் சட்டம்.

காரைக் கராஜில் விட்டுவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டு, மாதம் தவறாமல் அந்தக் காருக்கே தவணைப்பணம் கட்டும் குடும்பங்கள் எம்மிடையே உண்டு. "எங்கட தலைவிதி" என்று இருந்துவிடுகிறார்கள். இருக்கத் தேவையில்லை. கார் கைக்கு வந்து 2 ஆண்டுகள் அல்லது 18,000 மைல், இதில் எது முந்துகிறதோ அதற்குள், ஒரே பழுதை 4 தடவை திருத்தியும் தீராவிட்டால், அல்லது கார் மொத்தமாக 30 நாட்கள் கராஜில் கிடந்தும் பழுது தீராவிட்டால், உற்பத்தி நிறுவனம் பணத்தைத் திருப்பித் தரவேண்டும், அல்லது மாற்றுக் கார் தரவேண்டும். எது வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் வாங்கியவரே. ஆனால் அற்பப் பழுதுகள் இதில் சேரா. டாக்சி ஓட்டுவதற்கென்றே வாங்கிய காரும் சேராது.

மாற்றுக் கார் என்றதும் புத்தம் புதியது வரும் என்று நினைக்கவேண்டாம். அதே ஆண்டு, அதே மொடல், ஏறக்குறைய அதேயளவு மைல் ஓடியது என்பதே அதன் பொருள். பணமாகக் கேட்டால் முதல் 12,000 மைலுக்குக் கழிவு இல்லை. 30,000 டொலர் கார் 15,000 மைல் ஓடியிருந்தால், மேலதிக 3,000 மைலுக்காக 900 டொலர் கழிப்பார்கள். எம்மைக் கேட்டால் பணத்தை வாங்குவதே நல்லது.

எதைக் கேட்பதானாலும் கையில் கடதாசி வேண்டும். தெரிந்த பெடியன் வீட்டு முற்றத்தில் திருத்தியது கணக்கில் வராது. நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற கராஜுக்கே போகவேண்டும். ஒவ்வொரு தடவையும் காரை விட்ட திகதி, எடுத்த திகதி, மைல், நீங்கள் சொன்ன குறை ஆகியவை எழுதிய திருத்தச்சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். "ஒரு பிழையுமில்லை" என்று திருப்பி அனுப்பினாலும் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். ஆங்கிலம் சிரமமானால் பிள்ளைகளைக் கொண்டு குறையை முதலே எழுதுவித்து, ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுங்கள்.

நிறுவனம் மறுத்தால் மாநில சட்டமா அதிபர் அலுவலகத்துக்கு மத்தியஸ்த விசாரணை கேட்டு விண்ணப்பிக்கலாம். கட்டணம் 250 டொலர். வென்றால் அதுவும் திரும்பக் கிடைக்கும். சட்டத்தரணி கட்டாயமில்லை. தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்பதால் எல்லாச் சீட்டுகளையும் அன்றே கொண்டுபோகவேண்டும். கார் கைக்கு வந்து 4 ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்துவிடவேண்டும்.

ஆற்றுக்கு அப்பால் நியூஜேர்சியில் இருப்போருக்குக் கணக்கு வேறு: 2 ஆண்டுகள் அல்லது 24,000 மைல், 3 தடவை அல்லது 20 நாட்கள். அங்கே கடைசிச் சந்தர்ப்பம் கொடுத்து நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் முதலில் போயிருக்கவேண்டும்.