ரீலோட் போடுவோமா, பில்லுக்குக் கையெழுத்து வைப்போமா?



நம் தோட்டங்களிலிருந்து கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் ஹெவ்லொக் டவுன், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கங்களில் கடைகளிலும் வீடுகளிலும் இருக்கிறார்கள். முதல் சம்பளம் கைக்கு வந்ததும் மனசு போவது புதுப் போனுக்குத்தான். அதில் தப்பில்லை. ஆனால் அதை எந்த முறையில் எடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

அண்மையில் ஒரு தாய் எங்களிடம் ஒரு கடிதத்தைக் கொண்டு வந்தார். ஹெவ்லொக் டவுனில் கடை வேலை செய்த அவருடைய மகன், 24 மாத ஒப்பந்தத்தில் போன் எடுத்திருக்கிறான். ஒன்பதாம் மாதம் வேலை போய்விட்டது. சிம்மைக் கழற்றிப் போட்டால் கணக்கு முடிந்துவிடும் என்று நினைத்து லயத்துக்கு வந்துவிட்டான். ஆனால் பில் வருவது நிற்கவில்லை. "பாவிக்காத போனுக்கு எதுக்குங்க காசு?" என்று அந்தத் தாய் கேட்டார்.

நியாயமான கேள்விதான். ஆனால் ஒப்பந்தம் என்பது சீட்டுப் பிடிக்கிற மாதிரி. நடுவில் கையை விரிக்க முடியாது. ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். மாதம் 1,800 ரூபா என்றால் 24 மாதத்துக்கு 43,200 ரூபா. ஒன்பது மாதம் கட்டியது 16,200. இடையில் விட்டால் மீதியைக் கட்ட வேண்டும் என்று தாளில் எழுதியிருந்தால், இன்னும் 27,000 ரூபா பாக்கி!

ரீலோட் முறையில் இந்தப் பயம் இல்லை. காசு இருந்தால் போடலாம், இல்லாவிட்டால் விடலாம். வேலை மாறினாலும் ஊருக்குத் திரும்பினாலும் கடன் பின்னால் வராது. அதிலும் குறை உண்டு. சின்னச் சின்னதாகப் போட்டால் மாத முடிவில் கூடுதலாகப் போய்விடும். டேட்டா பெக்கேஜ் நாள் முடிந்தால் மிச்சமும் போகும். அவசரத்துக்குக் கடனாக எடுக்கும் ரீலோட்டுக்குக் கட்டணமும் பிடிப்பார்கள். ஆகவே சம்பள நாளிலேயே ஒரு மாதப் பெக்கேஜைப் போட்டுக்கொள்வது நல்லது.

அப்படியானால் மாதப் பில் யாருக்குப் பொருந்தும்? ஈ.பி.எப். பிடிக்கிற நிரந்தர வேலையும், மாறாத விலாசமும், மாதாமாதம் தவறாத சம்பளமும் உள்ளவர்களுக்கு. தற்காலிக வேலைக்குப் போகிறவர்களுக்கு ரீலோட்டே பாதுகாப்பு.

கையெழுத்து வைக்க முன்னர் இவற்றைக் கேளுங்கள்:

1. எத்தனை மாத ஒப்பந்தம்? இடையில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும்?

2. சொல்லும் விலையில் வரி சேர்ந்திருக்கிறதா? 2024 ஜனவரி 1 முதல் வற் வரி 18 வீதமாயிற்று. 1,000 ரூபாவுக்கு அதுவே 180 ரூபா.

3. ஊரில் சிக்னல் இருக்கிறதா? ஹெவ்லொக் டவுனில் நன்றாக எடுக்கும் போன், மலைக்குப் பின்னால் உள்ள லயத்தில் எடுக்காமல் போகலாம். அதே கம்பனி சிம் உள்ள ஒருவரிடம் முதலில் விசாரியுங்கள்.

4. போனைத் தவணைக்குத் தருவது நிதிக் கம்பனியா? அந்தக் கடன் 'கிரிப்' என்னும் கடன் தகவல் பணியகத்தில் பதிவாகும். தவணை தவறினால், நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும்.

5. யாருடைய அடையாள அட்டை? மச்சானுக்காக, கூட்டாளிக்காக என்று உங்கள் பெயரைக் கொடுத்தால் பில்லும் உங்கள் பெயருக்கே வரும்.

புரியாத தாளில் கையெழுத்து வைக்க வேண்டாம். தமிழில் சொல்லித் தரும்படி கேளுங்கள், ஒரு பிரதியையும் வாங்கி வையுங்கள்.

ஒப்பந்தத்தை விட வேண்டிய நிலை வந்தால் ஓடி ஒளியாதீர்கள். உடனே கம்பனிக்கு எழுத்தில் அறிவித்து, பாக்கியைத் தவணையில் கட்ட முடியுமா என்று கேளுங்கள். பில்லில் பிழை இருந்து கம்பனியும் தீர்க்காவிட்டால், கொழும்பு 8, எல்விட்டிகல மாவத்தையில் உள்ள தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம்.

அந்தத் தாயின் மகனுக்கும் இப்படியொரு கடிதம் எழுத நாங்கள் உதவினோம். அந்தக் கடிதத்தை வேலை போன அன்றே எழுதியிருந்தால் பாரம் குறைந்திருக்கும். கொழும்புக்குப் புறப்படும் உங்கள் பிள்ளைகளுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.