களஞ்சியத்துச் சில்லு இறாக்கைகளைப் பேணலும் திருத்தலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் தோட்டஞ் செய்வோருக்கு விதை வெண்காயமே அடுத்த போகத்தின் முதலாகும். சுன்னாகம், இணுவில், உரும்பிராய், கோண்டாவில் ஆகிய பகுதிகளின் செம்மண் தறைகளில் விளையும் சிறு வெண்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டி, காற்றோட்டமுள்ள கொட்டிலிற் குறுக்குத் தடிகளிலே தொங்கவிட்டுப் பேணுவது நம் முன்னோர் கண்ட முறை. அம்முறையிற் குற்றம் யாதுமில்லை. ஆயினும் விளைவு கூடி இடஞ் சுருங்குமிடத்து, தட்டுகள் அடுக்கிய இறாக்கைகளுக்குச் சில்லுப் பூட்டி வேண்டியவாறு நகர்த்திக் கொள்வது வசதியானது. இறாக்கைகளுக்கிடையே பல நடைவழிகள் விட வேண்டியதில்லை. ஒரு வழி போதும். கூட்டுவதும் பழுதானவற்றைப் பொறுக்குவதும் எளிதாகும்.

நடுகைக்குக் காத்திருக்கும் விதை உருளைக்கிழங்கிற்கு இவ்விறாக்கை இன்னும் பொருத்தமானது. பேரு நாட்டின் லீமா நகரிலுள்ள சர்வதேச உருளைக்கிழங்கு நிலையம் 1970களின் பிற்பகுதி முதலாகப் பல நாடுகளிற் பரப்பிய முறைப்படி, விதைக்கிழங்கை இருட்டிற் குவிக்காது, நேர்வெயில் படாத மங்கிய வெளிச்சத்தில் ஓரிரு கிழங்கு உயரத்துக்கு மட்டும் தட்டுகளிற் பரப்பினால், முளை வெளிறி நீளாமற் குட்டையாகவும் உறுதியாகவும் நிற்கும். உள்வரிசை இறாக்கைகளை முறைவைத்து யன்னலோரங் கொண்டுவரச் சில்லு உதவும். இவ்வாறு பச்சைநிறங் கொண்ட கிழங்கு விதைக்கேயன்றிக் கறிக்கு ஆகாது.

இனி, இதிலுள்ள ஆபத்தையும் அறிதல் வேண்டும். சுமையேற்றிய இறாக்கை சரியுமாயின் இழப்பு விதையோடு நில்லாது. அருகே நிற்பவரின் உயிருக்கே கேடு விளையக்கூடும். 1.8 மீற்றர் நீளமும் 0.6 மீற்றர் அகலமுமுள்ள தட்டொன்றில் 15 சதமமீற்றர் உயரத்துக்கு வெண்காயம் பரப்பினால் அதன் நிறை ஏறக்குறைய 90 கிலோ ஆகும். ஐந்து தட்டுகளில் 450 கிலோ. இறாக்கையின் சொந்த நிறை 60 கிலோ எனின், மொத்தம் 510 கிலோ. இதனை நான்காற் பிரித்து, சில்லொன்றுக்கு 127 கிலோவும் சொச்சமும் எனக் கணக்கிடுவோர் பலர். அது பிழை. தரை சமமாயிராத இடத்தில் ஒரு சில்லு நிலத்திற் பாவாது அந்தரத்தில் நிற்கும். மற்றை மூன்றுமே முழுச் சுமையையும் தாங்க நேரிடும். ஆதலால் மூன்றாற் பிரித்து, ஒவ்வொன்றும் 170 கிலோவுக்குக் குறையாது தாங்கும் சில்லுகளையே வாங்குக. நான்கும் ஒரே விட்டமுடையனவாயிருத்தல் அவசியம். பழைய மூன்றோடு புதியதும் பெரியதுமான ஒன்றைப் பூட்டினால், முன்னையிலும் கேடே மிகும்.

இறாக்கையின் உயரம் அதன் அகலத்தின் மும்மடங்குக்கு மேற்படலாகாது. சுமையைக் கீழ்த்தட்டிலிருந்து ஏற்றி, மேற்தட்டிலிருந்து இறக்குக. நெல் மூடைகளை இதில் ஏற்றற்க. அவற்றின் இடம் தரையிற் பரப்பிய மரச்சட்டங்களே.

பழுது பெரும்பாலும் சில்லிலேயே தொடங்கும். வெண்காயச் சருகு, சாக்கு நூல், கட்டு அவிழ்த்த ஓலைத் துண்டு என்பன அச்சைச் சுற்றி இறுகிச் சில்லைச் சுழலவிடா. சுழலாத சில்லு தரையில் இழுபட்டு ஒருபுறந் தேயும்; தள்ளுபவர் பலங்கொண்டு உந்த, இறாக்கை திடுமென அசைந்து சாயும். எனவே விதை நடுகைக்குப் போய்க் களஞ்சியம் வெறுமையான நாட்களில், இறாக்கையை ஜக்கினால் உயர்த்தி, மரக்குற்றிகளின்மேல் உறுதியாக நிறுத்திய பின்னரே சில்லுகளைக் கழற்றுதல் வேண்டும். ஜக்கை மாத்திரம் நம்பிக் கீழே கைவைத்தல் ஆகாது. சுற்றியவற்றைக் கத்தியால் அறுத்தெடுத்து, அச்சைத் துடைத்து, கையாற் சுழற்றிப் பார்க்கவும். கரகரவென ஒலித்தாலோ பக்கவாட்டில் ஆடினாலோ உள்ளிருக்கும் போல்ஸ் தேய்ந்துவிட்டது எனக் கொள்க. அதனைத் திருத்த முயல்வது வீண் வேலை, சில்லையே மாற்றிவிடுக. கிறீஸ் இடும்போது பழையதை முற்றாக வழித்தெடுத்த பின்னரே புதியது இடல் வேண்டும். செம்மண் தூசி பழைய கிறீசோடு கலந்து அரத்தூள் போல அச்சை அராவும்.

வழித்தெடுத்த கிறீசையும், கழுவிய மண்ணெண்ணெயையும் நிலத்தில் ஊற்றுதல் கூடாது. நமது நிலத்தின் அடியில் இருப்பது சுண்ணக்கல். அதன் வெடிப்புகளூடே கழிவு கிணற்றைச் சென்றடையும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய்க் கழிவு கலந்த விடயம் உயர் நீதிமன்றம் வரை சென்று 2019ஆம் ஆண்டில் தீர்ப்புப் பெற்றதை இப்பகுதியார் மறந்திரார். ஒரு தகரப் பேணியிற் சேர்த்து, வாகனத் திருத்தகத்தார் பழைய எண்ணெய் சேர்க்கும் பீப்பாவிற் கொடுத்துவிடலாம்.

சட்டங்களைப் பொறுத்தவரை, கடற்காற்றின் உப்பும் வெண்காயத்தின் ஈரமுஞ் சேர்ந்து இரும்பை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். முதலிற் பார்க்க வேண்டியவை நிலைச்சட்டங்களின் அடிப்பகுதியும் ஆணித்துளைகளின் ஓரமுமாம். மேற்றுருவைக் கம்பித் தூரிகையாற் சுரண்டி, நாகஞ் சேர்ந்த துருத்தடைத் தீந்தை பூசுக. உணவுப் பொருள் வைக்குமிடத்தில் ஈயஞ் சேர்ந்த தீந்தை ஆகாது. துருவின் மேலேயே தீந்தை பூசுவது நோயை மூடிவைப்பதாகும். சுரண்டிய இடத்திற் சட்டம் மெலிந்து காணின் அதனை மாற்றுக.

வளைந்த நிலைச்சட்டத்தைச் சுத்தியலால் அடித்து நிமிர்த்துவது இங்கே பரவலான வழக்கம். பார்வைக்கு நேராயினும் வளைந்த இடத்தில் இரும்பு பலமிழந்தே இருக்கும். நிறைந்த சுமையின் கீழ் அதே இடத்தில் மடியும். துளையிட்ட அங்கிள் இரும்பினாற் செய்த இறாக்கையாயின், நான்கு ஆணிகளைக் கழற்றி வேறு சட்டம் பூட்டுவது ஒரு மணி நேர வேலைதான். மெல்லிய தகட்டுச் சட்டங்களில் வெல்டிங் செய்தால் சூடேறிய இடம் கோணவும் பலங்குன்றவும் கூடும். ஆகவே ஒட்டுவதிலும் மாற்றுவதே நன்று. பின்புறச் சாய்சட்டங்களை இடைஞ்சலென்று கழற்றிவிடுவோரும் உளர். இறாக்கை பக்கவாட்டிற் சாயாதிருப்பது அவற்றாலேயே.

மரத்தட்டுகளை நன்றாகத் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் உலர்த்தினால் கரும்பூஞ்சணம் பெரிதும் குறையும். கறையானுக்குப் பழைய இயந்திர எண்ணெய் பூசும் வழக்கத்தை உணவுத் தட்டுகளிற் கைக்கொள்ளற்க.

திருத்திய இறாக்கையில் உடனே முழுச் சுமையும் ஏற்றாது, கீழிரு தட்டுகளை மாத்திரம் நிரப்பி, பிறேக்கை இறுக்கி ஓரிரவு நிற்கவிடுக. காலையில் ஆணிகளை மறுபடி முறுக்கி, சட்டங்கள் செங்குத்தாய் நிற்கின்றனவா எனத் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்த பின், இருவராக நின்று மெல்லத் தள்ளிப் பார்க்கவும். தள்ளலாமேயன்றி இழுத்தல் ஆகாது. இழுப்பவர் பக்கமே அது சரியும்.