நாற்றங்காலிலிருந்து களத்துமேடு வரை: ஐஸ் ஹாக்கி வீரரின் தொழில் எப்படி இயங்குகிறது?

ஐஸ் ஹாக்கியைப் பார்த்திராதவர்களுக்கு முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உள்ள பனித்தளம். ஓர் அணிக்கு, கோல்கீப்பரையும் சேர்த்து, ஆறு பேர். காலில் கத்தி பொருத்திய ஸ்கேட்டிங் காலணி, கையில் நுனி வளைந்த நீள மட்டை. பந்து கிடையாது, அதற்குப் பதில் ‘பக்’ என்னும் கெட்டியான கறுப்பு ரப்பர் வில்லை. தலா 20 நிமிடமாக மூன்று பகுதிகள். இந்த ஆட்டத்தின் உச்ச மேடை வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக், சுருக்கமாக என்.எச்.எல். 1917இல் மான்ட்ரியல் நகரில் தொடங்கிய லீக் அது. இன்று கனடாவிலும் அமெரிக்காவிலுமாக அதில் 32 அணிகள் இருக்கின்றன.

அதில் ஒருவர் எப்படி நுழைகிறார், எப்படிச் சம்பளம் வாங்குகிறார், எப்படி வெளியே வருகிறார்? விதிகளை மட்டும் படித்தால் தலை சுற்றும். ஆனால் நெல் நடவு தெரிந்தவருக்கு இது எளிது. விதையை நாற்றங்காலில் விடுகிறோம், பறித்து வயலில் நடுகிறோம், முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறோம், அறுத்துக் களத்தில் பங்கு பிரிக்கிறோம். அதே வரிசையில் போவோம்.

முதலில் நாற்றங்கால். கனடாவில் நான்கைந்து வயதிலேயே பிள்ளைகளுக்கு ஸ்கேட்டிங் காலணியை மாட்டிவிடுகிறார்கள். இது செலவு பிடிக்கும் விளையாட்டு. காலணி, மட்டை, தலைக்கவசம், உடல் கவசம் எல்லாம் வாங்க வேண்டும். பிள்ளை வளர வளர மறுபடியும் வாங்க வேண்டும். பனித்தளத்துக்கு மணிக்கணக்கில் வாடகை. விடியுமுன் பயிற்சி, அதற்குக் கார் ஓட்டிப் போக ஒரு பெற்றோர். ஆகவே எந்த விதை நாற்றங்காலுக்கு வரும் என்பதில் வீட்டின் பணப்பைக்கும் பங்கு உண்டு. திறமையைப் பற்றிப் பேசும் எல்லோரும் இதையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

பிறகு, 16 வயதுவாக்கில், நன்றாக ஆடும் பையன் வீட்டை விட்டுக் கிளம்புகிறான். ஒன்டாரியோ, கியூபெக், மேற்குக் கனடா என மூன்று பெரிய ஜூனியர் லீக்குகள் இருக்கின்றன. பெரும்பாலும் 16 முதல் 20 வயது வரை உள்ளவர்கள் அவற்றில் ஆடுகிறார்கள். பல அணிகள் சின்ன ஊர்களில் இருப்பதால், பையனை அந்த ஊர்க் குடும்பம் ஒன்று தன் வீட்டில் தங்கவைத்துக்கொள்கிறது. அந்த வீட்டம்மா சமைத்துப் போடுகிறார், பள்ளிக்கு அனுப்புகிறார், அடிபட்டு வந்தால் பார்த்துக்கொள்கிறார். நாற்றைக் கருகவிடாமல் காப்பாற்றும் இவர்களுக்கு எந்தக் கோப்பையும் கொடுப்பதில்லை. ஆனால் எத்தனையோ வீரர்கள் பல ஆண்டுகள் கழித்தும் அந்தக் குடும்பங்களோடு உறவைத் தொடர்கிறார்கள். இது ஒரு வழி. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆடி வருவது இன்னொரு வழி. ஸ்வீடன், பின்லாந்து, செக், ரஷ்யா போன்ற நாடுகளில் கிளப்புகளே சிறுவர்களை வளர்த்தெடுக்கின்றன.

அடுத்து நாற்றுப் பறிப்பு. இதற்கு டிராஃப்ட் என்று பெயர். ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும். செப்டம்பர் 15க்குள் 18 வயது நிரம்புகிறவர்கள் தகுதி பெறுவார்கள். 32 அணிகளும் ஏழு சுற்றுகளாக முறை வைத்து ஆளைத் தேர்ந்தெடுக்கின்றன. பின்தங்கிய அணிகளுக்கு முன்னுரிமை. ஆனால் முதல் இடத்துக்காக யாரும் வேண்டுமென்றே தோற்றுவிடக் கூடாது என்று சீட்டுக் குலுக்கலும் வைத்திருக்கிறார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: தேர்வாவதால் வேலை கிடைத்துவிடாது. அந்தப் பையனோடு ஒப்பந்தம் பேசும் உரிமை அந்த அணிக்கு மட்டும் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

18 வயதுப் பையனைப் பார்த்து, 25 வயதில் எப்படி ஆடுவான் என்று சொல்வது மிகக் கடினம். 1993இல் முதல் தேர்வு அலெக்சாந்தர் டேக். கியூபெக்கைச் சேர்ந்த அவரை ஒட்டாவா அணி பெரிய நம்பிக்கையோடு எடுத்தது. அதே 1993இல் தகுதி பெற்ற இன்னொரு கியூபெக் பையன் மார்டின் சான் லூயி. உயரம் ஐந்தடி எட்டு அங்குலம்தான். அன்று அழைக்கப்பட்ட 286 பெயர்களில் அவர் பெயர் இல்லை. அடுத்த ஆண்டுகளிலும் யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஆடிக்கொண்டிருந்தார். இவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறார்.

பறித்த நாற்று வயலில் பச்சை பிடிக்க நாளாகும். அதற்காக இருப்பதுதான் அமெரிக்கன் ஹாக்கி லீக், 1936 முதல் நடந்துவரும் இரண்டாம் படி. ஒவ்வொரு என்.எச்.எல். அணிக்கும் இங்கே ஓர் இணைப்பு அணி உண்டு. இன்று என்.எச்.எல்.லில் ஆடுபவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் இந்த வழியாக வந்தவர்கள்தான். 18 முதல் 21 வயதுக்குள் கையெழுத்திடும் புதியவருக்கு முதல் ஒப்பந்தம் மூன்று ஆண்டு. அதில் பொதுவாக இரண்டு சம்பளம் எழுதியிருக்கும்: மேலே ஆடும் நாளுக்கு ஒன்று, கீழே ஆடும் நாளுக்கு அதைவிட மிகக் குறைந்த இன்னொன்று. ஒரு தொலைபேசி அழைப்பில் ஒருவர் மேலே போவார், அடுத்த வாரமே கீழே வருவார்.

சில ஆண்டுகள் ஆன வீரரை அப்படிச் சும்மா கீழே அனுப்பிவிட முடியாது. வயலுக்குப் போக மிஞ்சிய நாற்று முடிகளை வரப்பில் வைத்தால் பக்கத்து வயல்காரர் எடுத்துக்கொள்வார் இல்லையா? அதுபோல அவர் பெயரை ‘வெய்வர்ஸ்’ என்னும் பட்டியலில் 24 மணி நேரம் வைக்க வேண்டும். மற்ற அணிகளில் யார் வேண்டுமானாலும் அவரைக் கேட்கலாம். பலர் கேட்டால், தரவரிசையில் கடைசியில் இருப்பவருக்கே முதல் உரிமை. அந்த 24 மணி நேரமும் வீரரின் வீட்டில் பெட்டி கட்டுவதா வேண்டாமா என்று தெரியாது.

இப்போது தண்ணீர் முறை. என் பார்வையில் இந்தத் தொழிலின் உயிர்நாடி இதுதான். ஓர் ஆட்டத்துக்கு 18 வீரர்களும் இரண்டு கோல்கீப்பர்களும் உடை மாற்றி வருகிறார்கள். ஆனால் தளத்தில் ஒரே நேரத்தில் ஆடுவது கோல்கீப்பரோடு ஆறே பேர். மற்றவர்கள் பெஞ்சில். ஸ்கேட்டிங்கில் முழு வேகத்தில் பாய்ந்தால் தொடைத் தசை முக்கால் நிமிடத்தில் எரியத் தொடங்கிவிடும். ஆகவே ஒருவர் 45 வினாடி போல ஆடிவிட்டுத் தடுப்புச் சுவரைத் தாண்டி உள்ளே வருகிறார், இன்னொருவர் வெளியே குதிக்கிறார். அதற்காக ஆட்டம் நிற்பதில்லை, பக் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆள் மாறுகிறது.

இந்த மடையை யாருக்கு எவ்வளவு நேரம் திறப்பது என்பதைப் பயிற்சியாளர் முடிவு செய்கிறார். முதல் வரிசைத் தாக்குதல் வீரருக்கு 20 நிமிடம் கிடைக்கலாம், நான்காம் வரிசைக்காரருக்கு எட்டோ ஒன்பதோ. எதிரணியில் ஒருவர் தண்டனை பெற்று வெளியே உட்கார்ந்திருக்கும் சாதகமான நிமிடங்களும் முதல் வரிசைக்கே போகும். கோல் விழுவது பெரும்பாலும் நல்ல துணையோடு நிறைய நேரம் ஆடுபவருக்குத்தான். கோல் அடிப்பவருக்குத்தான் மேலும் நேரம் கிடைக்கும். கடைமடையில் இருப்பவர் இந்தச் சுழலுக்குள் நுழைவது எளிதல்ல.

சான் லூயிக்கு நடந்தது இதுதான். 1998இல் கல்கரி அணி அவரை எடுத்துக்கொண்டு, பாதிக்காலம் கீழ் லீக்கில் வைத்திருந்தது. மேலே அவர் ஆடியது 69 ஆட்டங்கள், அடித்தது 4 கோல்கள். 2000இல் ஒப்பந்தத்தின் மிச்சத்துக்குப் பணம் கொடுத்து அவரை விடுவித்தார்கள். டாம்பா பே அணி குறைந்த விலையில் சேர்த்துக்கொண்டது. அங்கே படிப்படியாக அவருக்குத் தளத்தில் நேரம் கூடியது. 2003-04 பருவத்தில் 94 புள்ளிகள் (கோலுக்கும் கோலுக்கு உதவியதற்கும் தலா ஒன்று) எடுத்து, லீக்கிலேயே அதிகப் புள்ளிகளுக்கான விருதையும் மிகச் சிறந்த வீரர் விருதையும் வாங்கினார். அந்த ஆண்டு, லீக்கின் பட்டமான ஸ்டான்லி கோப்பைக்கான இறுதிச்சுற்றில் டாம்பா பேயின் எதிரணி கல்கரி! ஆறாவது ஆட்டத்தில் டாம்பா பே தோற்றிருந்தால் கோப்பை கல்கரிக்குப் போயிருக்கும். கல்கரி மண்ணிலேயே, இரண்டாம் கூடுதல் நேரத்தில், வெற்றிக் கோலை அடித்தவர் சான் லூயி. ஏழாவது ஆட்டத்தையும் வென்று கோப்பையை எடுத்தார்கள். டேக்கோ 616 ஆட்டங்களில் 129 கோல்கள் அடித்துத் தொழிலை முடித்தார். அது சின்ன சாதனை அல்ல. ஆனால் முதல் தேர்வு என்ற பட்டம் அவர் மேல் ஏற்றிய சுமைக்கு எந்தக் கோல் கணக்கும் போதவில்லை. 18 வயதில் போட்ட மதிப்பெண்ணை வாழ்நாள் முழுதும் ஒருவர் சுமப்பது நியாயமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

சரி, பணம்? இங்கே வாரக் குத்தகையை நினைத்துக்கொள்ளுங்கள். 2013 முதல் லீக்கின் ஹாக்கி வருமானம் உரிமையாளர்களுக்குப் பாதி, வீரர்களுக்குப் பாதி. அந்தப் பாதியைக் கணக்கில் வைத்து, ஓர் அணி இவ்வளவுதான் சம்பளத்துக்குச் செலவிடலாம் என்று உச்சவரம்பு போடுகிறார்கள். இந்த வரம்பு சண்டை இல்லாமல் வரவில்லை. அதற்காக 2004-05 பருவம் முழுவதும் ரத்தானது. அடுத்த ஆண்டு 3.9 கோடி டாலரில் தொடங்கிய வரம்பு, 2025-26இல் 9.55 கோடி. தனி ஒருவர் அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்க முடியாது. 2025-26 பருவத்தில் யாருக்கும் 7 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குக் கீழே கொடுக்கவும் முடியாது என்றிருந்தது. களத்தில் நெல்லை அளந்த பிறகே பங்கு தெரியும் என்பதால், வீரர் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, ஆண்டுக் கணக்கு முடிந்ததும் வருமானத்துக்கு ஏற்பச் சரிசெய்வதும் உண்டு.

வேர் பிடித்த பயிரைப் பிடுங்கி வேறு வயலில் நடுவதை எந்த உழவரும் செய்யமாட்டார். இந்த லீக்கில் அது வாடிக்கை. டிரேட் என்கிறார்கள். 1988 ஆகஸ்ட் 9 அன்று, எட்மன்டனுக்கு நான்கு கோப்பைகள் வாங்கித் தந்த வெய்ன் கிரெட்ஸ்கியையே லாஸ் ஏஞ்சலஸுக்கு மாற்றிவிட்டார்கள். அவருக்கே அந்தக் கதி என்றால் மற்றவர்கள் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. பொதுவாக 27 வயதோ ஏழு பருவங்களோ ஆன பிறகு, ஒப்பந்தம் முடிந்ததும், வீரர் எந்த அணியோடும் பேசலாம். தன் சம்மதம் இல்லாமல் மாற்றக் கூடாது என்ற நிபந்தனையை எழுதி வாங்கும் வலு, சிலருக்கு அப்போதுதான் வருகிறது.

இந்த உரிமைகள் தானாகக் கிடைத்தவை அல்ல. 1957இல் வீரர் சங்கம் கட்ட முயன்ற டெட் லிண்ட்சேயை, அவர் உச்சத்தில் ஆடிக்கொண்டிருந்தபோதே, டெட்ராய்ட் அணி சிகாகோவுக்கு அனுப்பியது. நிலைத்து நின்ற சங்கம் 1967இல்தான் வந்தது.

கடைசியில் அறுப்பு. பாட்ரிக் மார்லோ 1779 ஆட்டங்கள் ஆடினார். கோர்டி ஹோ 52 வயது வரை ஆடினார். இவை விதிவிலக்குகள். பெரும்பாலோரை முழங்கால், இடுப்பு, தோள்பட்டை அல்லது தலையில் பட்ட அடி அதற்கு வெகுமுன்பே நிறுத்திவிடுகிறது. புதிதாக ஒப்பந்தமாகும் வீரர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயமானதே 1979இல்தான் என்பதை நினைத்தால் மனம் பதறுகிறது. 35 வயதில் ஓய்வு பெறுபவருக்கு அதற்குப் பிறகு முழு வாழ்க்கை மிச்சமிருக்கிறது. சிலர் படிப்புக்குத் திரும்புகிறார்கள், சிலர் ஐரோப்பாவில் இன்னும் சில பருவங்கள் ஆடுகிறார்கள், சிலர் இளம் வீரர்களைத் தேடி ஊர் ஊராகப் போகும் வேலைக்குச் சேர்கிறார்கள். சான் லூயி 40 வயதில் நிறுத்தினார். பிறகு தன் பிள்ளைகளின் சிறுவர் அணிகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். 2022 பிப்ரவரியில் மான்ட்ரியல் அணி அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அழைத்தது. யாருக்கு எத்தனை நிமிடம் மடை திறப்பது என்ற முடிவு இப்போது அவர் கையில்.